மரபு என்றால் வாடகை கிடையாதா?

டிஸ்கி: ஊட்டியையோ குதிரையையோ திட்டும் பதிவு அல்ல இது. குதிரை பாவம். அது எந்த லீஸ் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

2024 ஜூலையில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தைத் தமிழக அரசு கையகப்படுத்தியது. மொத்தம் 52.34 ஏக்கர். ஊரின் நட்டநடுவே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம். அடுத்த இரண்டே மாதத்தில், 2024 செப்டம்பரில், சென்னை கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையும் ரத்து. அது 160.86 ஏக்கர். இரண்டையும் வைத்திருந்தது ஒரே அமைப்பு, 1896ல் தொடங்கிய மெட்ராஸ் ரேஸ் கிளப்.

உடனே ஒரு ஒப்பாரி கிளம்பியது. "நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியம் போச்சே", "ஊட்டியின் அடையாளம் போச்சே", "நீலகிரி டெர்பி இல்லாமல் ஒரு சீசனா?" என்று. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், தொப்பி வைத்த துரைமார்கள், குடை பிடித்த துரைசானிகள், பனிமூட்டத்துக்கு நடுவே ஓடும் குதிரைகள்... பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஒப்பாரியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. வாடகை.

முதலில் கணக்கு

கிண்டியில் இருந்து ஆரம்பிக்கலாம். 1945ல் போட்ட பத்திரம், 99 வருஷக் குத்தகை. 160 ஏக்கருக்கு வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. அச்சுப் பிழை இல்லை. அறுநூற்றுப் பதினான்கு ரூபாய், பதின்மூன்று அணாதான்.

மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 51 ரூபாய். ஏக்கருக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 3 ரூபாய் 82 பைசா. இன்றைக்கு வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கவே இதைவிட அதிகம் ஆகும். கிண்டியில் ஒரு ஏக்கரை ஒரு வருஷம் வைத்துக்கொள்ள அது போதும்.

அரசு வாடகையை 1970 முதல் உயர்த்திக் கணக்குப் போட்டது. கிளப் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தில் வாடகையை உயர்த்தலாம் என்று எங்கேயும் எழுதவில்லையே என்பது அவர்கள் வாதம். கோர்ட்டுக்குப் போனார்கள். போகலாம், தப்பே இல்லை. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், 730 கோடியே 86 லட்சம் ரூபாயை ஒரு மாதத்துக்குள் கட்டச் சொன்னது. அதற்குப் பிறகும் வழக்குகள் தொடர்ந்தன.

ஊட்டி கதை இன்னும் எளிமையானது. அங்கே குத்தகை 1978லேயே முடிந்துவிட்டது. முடிந்துபோன குத்தகையை வைத்துக்கொண்டே நாற்பத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அரசு சொல்லும் பாக்கி 822 கோடி ரூபாய்.

"அரசு ஏற்றிச் சொல்கிறது" என்று ஒருவர் சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்ளலாம். பாதியைத் தள்ளுபடி செய்தால் 411 கோடி. அதிலும் பாதியைக் கழித்தால் 205 கோடிக்கு மேல். அதையாவது கட்டினார்களா? ஒரு சாதாரண ஆள் காட்பாடியில் வீட்டு ஒப்பந்தம் முடிந்து 46 மாதம் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? பாத்திரம் பண்டம் தெருவுக்கு வந்திருக்கும். 46 வருஷம் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பாரம்பரியம்.

பி.காம் பாடப் புத்தகத்தில் இருக்கும் ஒரு விதி

முதல் வருஷ அக்கவுண்டன்சியில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். தமிழில் நற்பெயர். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் காசு கொடுத்து வாங்கும்போது அதன் நற்பெயருக்கும் சேர்த்து விலை கொடுத்தால், அதைச் சொத்தாகக் கணக்கில் எழுதலாம். ஆனால் தானே தனக்கு உருவாக்கிக்கொண்ட நற்பெயரைச் சொத்து என்று எழுதக் கூடாது. ஏன்? விலை கொடுக்காத ஒன்றுக்கு அவரவர் இஷ்டத்துக்கு மதிப்புப் போட்டால் ஐந்தொகையே பொய்யாகிவிடும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி இது.

ரேஸ் கிளப் விஷயத்தில் 'பாரம்பரியம்' என்ற சொல் இப்படித்தான் வேலை செய்கிறது. தானே தனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பு. பொறுப்புகள் பக்கத்தில் 822 கோடி நிற்கிறது. சொத்துப் பக்கத்தில் "டெர்பி, கோப்பை, கவர்னர் வந்த படம்" என்று எழுதி நேர் செய்யப் பார்க்கிறார்கள். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

1996: ஒரே வருஷம், இரண்டு தீர்ப்பு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

1974ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையும் பந்தயம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 1986ல் கிளப்பையே அரசுடைமை ஆக்க இன்னொரு சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரி 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, அது திறமை சார்ந்த விளையாட்டு. 1986 சட்டம் செல்லாது. கிளப் ஜெயித்தது.

அதே வருஷம் ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் போட்ட வழக்கு. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்தியா முழுக்க இன்றைக்கும் மனப்பாடம் செய்யும் வழக்கு. தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது, சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தருகிறது என்பதையும் நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, அதற்காக ஊரைக் கெடுக்க உரிமை கிடையாது, கெடுத்தவன் காசு கட்டு என்றது. ஐந்து மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லையென்றால் மூடு.

இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, குல்தீப் சிங்.

தீர்ப்புகளில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. தோல் தீர்ப்பு சரியான தீர்ப்பு. பாலாற்றங்கரையில் கிணறு இறைத்தவர்களைக் கேட்டால் தெரியும், அது தாமதமாக வந்த தீர்ப்பு. அதோடு கதை முடியவும் இல்லை. இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். 2001ல் அது வேலூர் மாவட்டத்தில் சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் தரச் சொன்னது. 2025 ஜனவரி 30ஆம் தேதிகூட உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றிப் பேசி, இழப்பீட்டை மாசு செய்தவர்களிடம் வசூல் செய்யச் சொன்னது.

சின்னச் சின்ன ஷாப்பு நடத்தியவர்கள் பலர் மூடிவிட்டுப் போனார்கள். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்ட முடியாதவர்கள் வேலைக்குப் போனார்கள். அப்போது யாராவது, "ஐயோ, ஆம்பூர் தோல் தொழில் நூறு வருஷத்துக்கு மேல் பழமையான பாரம்பரியம் ஆயிற்றே, ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட கைத்தொழில் ஆயிற்றே" என்று கட்டுரை எழுதினார்களா? கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்களா? இல்லை. எழுதியிருந்தாலும் நீதிமன்றம், "பாரம்பரியம் இருக்கட்டும், பணத்தைக் கட்டு" என்றுதான் சொல்லியிருக்கும். அதுதான் நியாயம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு தோல் ஷாப்பு கட்ட வேண்டியிருந்த அபராதம் 10 ஆயிரம். கிண்டியின் பத்திர வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். வகுத்துப் பாருங்கள். வாணியம்பாடியில் நாலு தொட்டி வைத்திருந்த ஒரு ஷாப்புக்காரரிடம் ஒரே தவணையில் கேட்ட பணம், கிண்டியில் 160 ஏக்கருக்குப் பதினாறு வருஷ வாடகை!

பாலாற்றில் கெடுத்தவன் கட்ட வேண்டும் என்றால், ஊட்டியில் அனுபவித்தவனும் கட்ட வேண்டும். தொழில் நாறினால் ஒரு சட்டம், மணந்தால் ஒரு சட்டம் கிடையாது.

எது பழசு? எவ்வளவு பழசு?

சரி, பாரம்பரியம் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஊட்டியில் எது பழசு?

ஊட்டி என்ற பெயரே உதகமண்டலத்தின் சுருக்கம். உதகமண்டலத்துக்கும் முன்னால் அது தோடர்களின் ஒத்தைக்கல் மந்து என்பார்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் மலையேறி, 1822ல் அங்கே கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கல் பங்களா இன்றைக்கும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

அதே சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஒரு ஏரி வெட்டினார். இன்றைக்குப் படகு விடும் ஊட்டி ஏரி. ஆனால் அவர் வெட்டியபோது அது இப்போதைப் போலப் பல மடங்கு பெரிசு. பிறகு சுருங்கிக்கொண்டே வந்தது. சுருங்கின இடத்தில் என்ன வந்தது? பஸ் ஸ்டாண்டு, ஏரிப் பூங்கா... குதிரைப் பந்தய மைதானம்!

ஆக, அந்த 52 ஏக்கரின் பாரம்பரியம் குதிரை அல்ல, தண்ணீர். குதிரை அதன் மேல் வந்து குடியேறிய குத்தகைதாரர். ஏரியைத் தூர்த்துப் போட்ட இடத்தை 'புராதனம்' என்று சொன்னால், நாளைக்கு ஏரிக்குள் கட்டின எல்லாப் பஸ் ஸ்டாண்டுகளும் புராதனச் சின்னம்தான்.

1870க்குப் பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். வெயில் காலம் வந்தால் கவர்னரும் செக்ரெட்டரிகளும் ஃபைல்களோடு மலையேறிவிடுவார்கள். கீழே சென்னையில் குமாஸ்தாக்கள் வேர்த்து வழிய, மேலே விருந்து, நடனம், வேட்டை, பந்தயம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டியில் பந்தயம் நடந்ததற்குக் காரணம் இதுதான். துரைமார்கள் போய்விட்டார்கள். கால அட்டவணை மட்டும் மாறவில்லை.

ஊட்டியில் நிஜமான பழைய கட்டிடங்கள் இருக்கின்றன, அவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். 1829ல் தொடங்கி 1831ல் வழிபாட்டுக்குத் திறந்த புனித ஸ்டீபன் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூச்சு, உள்ளே கனமான தேக்கு உத்தரங்கள். அந்த உத்தரங்கள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, மலைமேல் இழுத்துக்கொண்டு வந்தவை.

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் மறுபாதி தெரியும். 1799ல் திப்பு இறந்தபின் அரண்மனை மரம் ஒரு பக்கம் போனது, அவர் பிள்ளைகளும் குடும்பமும் இன்னொரு பக்கம், வேலூர்க் கோட்டைக்குள் சிறைக்கு வந்தார்கள். திப்பு மகால், ஹைதர் மகால் என்று இன்றைக்கும் அந்தக் கட்டிடங்களுக்குப் பெயர். மரம் தேவாலயம் ஆனது. மனிதர்கள் கைதிகள் ஆனார்கள். ஒரு கட்டிடத்தைக் காப்பாற்றுவது என்றால் இந்த முழுக் கதையையும் சேர்த்துக் காப்பாற்றுவது. அழகான பாதியை மட்டும் பிரேம் போட்டு மாட்டுவது அல்ல.

குதிரைப் பாரம்பரியம் வேண்டுமா? வேலூரில் இருக்கிறது

குதிரைதான் வேண்டும் என்றால் அதற்கும் ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய் நின்று பாருங்கள். தூணுக்குத் தூண் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும், மேலே வீரர்களும். ஒரே கல்லில் செதுக்கியது. விஜயநகரத்துச் சிற்பிகள் வேலை. அந்த மண்டபத்தைக் கம்பெனிக்காரர்கள் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த கோயிலுக்கு 1981ல்தான் லிங்கம் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே மனுஷ நடமாட்டம், விளக்கு, பூ, சுண்டல். இன்றைக்குப் பார்க்க டிக்கெட் கிடையாது, மெம்பர்ஷிப் கிடையாது. செருப்பைக் கழற்றினால் போதும்.

இன்னொரு குதிரைக் கதையும் உண்டு, இது கசப்பானது. 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடு சுமார் 25 கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு வந்தார். அன்று காலை நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கோட்டைக்குள் செத்தார்கள். இந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரன் குதிரை ஓட்டியதிலேயே முக்கியமான ஓட்டம் அதுதான். அதற்குக் கோப்பை கொடுத்து யாரும் வருஷா வருஷம் கொண்டாடவில்லை.

ராணிப்பேட்டையின் பெயரே ஒரு குதிரை வீரன் கதையிலிருந்து வந்தது. செஞ்சி தேசிங்கு ராஜா 1714ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை போட்டு இறந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த ராணியின் நினைவாக ராணிப்பேட்டை. தேசிங்கின் குதிரையைத் தெருக்கூத்தில் இன்றைக்கும் ஆடுகிறார்கள். கூத்து நடக்கும் ஊரில் கூத்தாடிக்கு ராத்திரிக் கூலி கொடுத்துத்தான் ஆடச் சொல்கிறார்கள். 160 ஏக்கர் எழுதிக் கொடுக்கவில்லை.

சொல்ல வந்தது இதுதான். ஊர் ஜனம் உள்ளே போக முடிகிற இடம் ஊரின் பாரம்பரியம். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற இடம் மெம்பர்களின் பாரம்பரியம். அதை அவர்கள் தங்கள் காசில் காப்பாற்றிக்கொள்ளட்டும்.

வரும் என்று தெரிந்த கேள்விகள்

"குதிரை பார்க்கும் சைஸ்கள், ஜாக்கிகள், லாயத்தில் வேலை செய்பவர்கள் கதி என்ன?" இதுதான் உண்மையான கேள்வி. மற்ற எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரைக்குத் தேய்த்துவிட்டவன் பந்தயத்தில் பணம் பண்ணவில்லை. தோல் ஷாப்பு மூடியபோதும் முதலாளிக்கு முன்னால் நடுத்தெருவுக்கு வந்தவன் தொட்டியில் இறங்கி நின்றவன்தான். ஊட்டியிலும் கிண்டியிலும் அதே தப்பைச் செய்யக் கூடாது. நிலத்தை எடுத்த அரசு, அந்தப் பூங்காவில் முதல் வேலையை இவர்களுக்குத் தர வேண்டும். பாக்கியை வசூல் செய்யும்போது தொழிலாளி சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி முதலில் போக வேண்டும். ஆனால் ஒன்று: தொழிலாளியைக் கேடயமாக நிறுத்திவிட்டு மெம்பர்கள் பின்னால் ஒளியக் கூடாது.

"பந்தயத்தால் அரசுக்கு வரி வருகிறதே?" வருகிறது. பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆனால் வரி வேறு, வாடகை வேறு. ஆம்பூரில் பிரியாணிக் கடைக்காரர் ஜிஎஸ்டியும் கட்டுகிறார், கடை வாடகையும் கட்டுகிறார். "வரி கட்டினேன், ஆகையால் வாடகை தர மாட்டேன்" என்று ஓனரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

"உச்ச நீதிமன்றமே திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டதே?" சொன்னது. திறமை விளையாட்டை நடத்தக் கூடாது என்று யார் சொன்னது? கிரிக்கெட்டும் திறமை விளையாட்டுதான். மைதானத்துக்கு வாடகை கேட்பார்கள். 1996 தீர்ப்பு பந்தயம் நடத்தலாம் என்றது. ஓசியில் நடத்தலாம் என்று சொல்லவில்லை.

"அரசு மட்டும் ஒழுங்கா? எத்தனை புராதனக் கட்டிடம் பாழாகிறது?" இது சரியான அடி. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் கிளைவ் பெயர் சொல்லி நிற்கும் டெல்லி கேட்டைப் போய்ப் பார்த்தவர்களுக்கு அரசின் அக்கறை எவ்வளவு என்று தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு, நிலம் கைமாறியதும் கை தட்டிவிட்டு முடியவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

உலகத்தில் இந்தப் பிரச்சினை ஊட்டிக்கு மட்டும் வந்தது இல்லை. 2024ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மக்காவ் குதிரைப் பந்தயத்துக்கு மூடுவிழா நடத்தியது. அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓடியது. 1840களில் தொடங்கி 180 வருஷத்துக்கு மேல் ஓடிய பந்தயம். கிராஞ்சியில் சுமார் 124 ஹெக்டேர் நிலம், வீடு கட்டத் தேவை என்று சொல்லி 2027 மார்ச்சுக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் பந்தயம் நடந்த புக்கிட் தீமா இடத்திலும் வீடுகள் வரப்போகின்றன. ஆனால் அங்கே பழைய பார்வையாளர் மாடங்களை இடிக்காமல் வைத்துக்கொள்ளத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் 1893ல் திறந்த பந்தயத் திடலின் பழைய மாடம் இன்றைக்குக் கடைகளாக நிற்கிறது. கடை வந்தது பிடிக்கிறதோ இல்லையோ, கட்டிடம் நிற்கிறது, யாரும் உள்ளே போகலாம்.

பாடம் எளிது. கட்டிடத்தை வைத்துக்கொள், சலுகையை எடுத்துவிடு. இங்கே வழக்கமாக நடப்பது தலைகீழ். சலுகையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுக் கட்டிடத்தை இடிப்பார்கள்.

அரசு ஊட்டி நிலத்தில் சூழல் பூங்கா என்று அறிவித்தது. நல்ல பெயர். ஆனால் பூங்கா என்ற பெயரில் தமிழ்நாட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சிமெண்டுக் காளான், ஃபைபர் யானை, பெரிய நுழைவாயில், அதைவிடப் பெரிய பார்க்கிங், கல்வெட்டில் நாலு பெயர். ஊட்டிக்கு இன்னொரு வேடிக்கை இடம் தேவையே இல்லை. கூட்டம் தாங்காமல்தானே 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் வைத்தது? மேலும் வண்டிகளை இழுக்க 52 ஏக்கரைச் செலவு செய்வது முட்டாள்தனம்.

ஆகவே கேட்க வேண்டியவை:

1. அந்த நிலம் ஏரிக்குச் சொந்தம். முடிந்த அளவுக்குச் சதுப்பு நிலமாகத் திரும்பட்டும். மழைத் தண்ணீர் நிற்கட்டும். ஒரு செங்கல்லும் புதிதாக வேண்டாம்.

2. மைதானத்தில் பழைய கட்டிடம் எது இருந்தாலும் இடிக்கும் முன் அளந்து, படம் எடுத்து, நிபுணர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும். வைக்கத் தகுந்ததை வைக்கட்டும். உள்ளே பந்தயக் கதையும் இருக்கட்டும், பக்கத்துச் சுவரில் ஒத்தைக்கல் மந்தின் கதையும் இருக்கட்டும். தோடர்கள் சொல்லி எழுதினதாக இருக்கட்டும்.

3. பாக்கிப் பணம் வசூலானால் அது பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல், ஒரு பங்கு நீலகிரியின் பழைய கட்டிடங்களுக்குப் போகட்டும். பாரம்பரியம் பாரம்பரியம் என்று சொன்னார்கள் அல்லவா? அந்தக் காசிலேயே காப்பாற்றலாம்.

4. இதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் கிளப், சங்கம், நிறுவனம் என்று எவரெவர் அரசு நிலத்தை எத்தனை ரூபாய்க்கு, எந்த வருஷம் வரை வைத்திருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியலும் வெளியே வரட்டும். 614 ரூபாய் 13 அணா கிண்டியில் மட்டும் இருந்திருக்கும் என்று நம்ப யாரும் குழந்தை இல்லை.

பாலாற்றங்கரைக்காரன் 1996லிருந்து ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறான். பொதுச் சொத்தை அனுபவித்தால் விலை உண்டு. அந்தப் பாடத்துக்கு அவன் ஃபீஸ் கட்டிவிட்டான். கிணற்றால் கட்டினான், வேலையால் கட்டினான், சிலர் வீட்டையே விற்றுக் கட்டினார்கள். அதே பாடத்தை மலைமேல் இருப்பவர்களுக்கு நடத்த இத்தனை வருஷம் ஆனதுதான் ஆச்சரியம்.

பழசாக இருப்பதால் ஒரு பொருள் மதிப்புப் பெறலாம். பழசாக இருப்பதால் ஒரு கடன் தள்ளுபடி ஆகாது. வட்டிதான் ஏறும்.

பி.கு.: அடுத்த லீவில் ஊட்டி போகிறவர்கள் மைதானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, அப்படியே புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போய் உத்தரத்தை நிமிர்ந்து பாருங்கள். திரும்பி வந்ததும் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலுக்கு எதிரே ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பெரும்பாலான வேலூர்க்காரர்கள் சிறுதீனி தின்ன மட்டுமே கோட்டைக்குப் போகிறார்கள் :)